களத்தில் உட்காராத கூரை

“தலைக்கு மேல மாட்டுறத ஒரு பொண்ணு கையில குடுக்குறீங்களேய்யா. மழை பேஞ்சா யாரு பதில் சொல்றது?”

மிராசு வீட்டு டிரைவர் இதை என்னிடம் கேட்கவில்லை, தன் முதலாளியிடம் கேட்டார். நான் மூன்றடி தள்ளி நின்று, அவர்களுடைய பழைய வெள்ளைக் காரின் கூரைமேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கார் என்னைவிட மூத்தது. சின்ன வயதில் அது ஊர் ரோட்டில் வந்தால் நாங்கள் வாய்க்கால் பக்கம் இறங்கி நின்றுகொள்வோம்.

“பாலிடெக்னிக் படிச்ச புள்ளப்பா. நம்ம களத்துத் தெரு புள்ளதான், செய்யட்டும்” என்றார் முதலாளி. ஊரில் எல்லோரும் அவரை ஐயா என்பார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். ‘நம்ம’ என்று அவர் சொன்னது அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது. டிரைவர் சொன்னதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் தன் பெயரைத் தப்பில்லாமல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, தஞ்சாவூருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் இருந்த ஃபைபர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, கோழித் தீவனத் தொட்டி என்று எது கேட்டாலும் அச்சுப் போட்டுச் செய்வோம். காருக்குக் கூரை செய்ததில்லை. ஐயாவுக்குக் கட்சியில் சீட்டுக் கிடைத்திருந்தது. அவர் அப்பா காலத்தில் அந்த வீட்டில் எந்தக் கொடியும் பறந்ததில்லை. இவர் கரை வேட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டுக் கேட்கப் புறப்பட்டார். கிராமத்துக்குள் நுழைந்ததும் பின் சீட்டில் எழுந்து நின்று பேச வேண்டும், தார் ரோட்டுக்குத் திரும்பியதும் வெயிலும் புழுதியும் படாமல் மூடிக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் தூக்கி மாட்டுகிற எடையில் ஒரு கூரை கேட்டார். கூரையை வெட்ட அனுமதி வாங்குவதைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அப்பாவின் முகம் மாறியது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஏதோ கணக்கு ஓடியது. “நம்ம தெருவுக்குள்ளயும் வருவாருல்ல?” என்றார்.

இதை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் குடியிருக்கும் இருபது சொச்சம் வீடுகளும் மிராசு வீட்டின் பழைய நெற்களத்தில் இருக்கின்றன. தாத்தா காலத்தில் பண்ணை வேலைக்காக அங்கே குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு களத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், நாங்கள் மாறவில்லை. சுற்றிலும் எத்தனையோ தெருக்களுக்கு மனைப்பட்டா வந்தது. எங்களுக்கு மட்டும் வரவில்லை. அரசாங்க நிலக் கணக்கில் அந்த இடம் இன்னும் ‘களம்’ என்றே இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களுக்குப் பட்டா கொடுக்க ஆட்சேபணை இல்லை என்று ஐயா ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை சுலபம். அந்தத் தாளை நானே எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அப்பாவிடம் கொடுத்து வருஷம் இரண்டாகியிருந்தது. அவர்கள் வீட்டு வாசலில் போய் நீட்ட அப்பாவுக்குக் கை வரவில்லை. அவர்களிடம்தான் சிறு வயல் ஒன்றைக் குத்தகைக்கு வைத்திருந்தார்.

“நம்ம வீட்டுக்கே வந்து ஒக்காந்து, ஒன் கையால செஞ்ச கூரைக்குக் கீழ வந்த மனுசன், முடியாதுன்னா சொல்லிடுவாரு?” என்றார் அப்பா.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, “ஒக்காரட்டும் மொதல்ல” என்றாள். கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டு அறுவடையை நிறுத்திய வருஷத்தில் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போன ஆட்களில் அவளும் ஒருத்தி. அந்த வீட்டைப் பற்றி அவளுக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

நான் கூரை செய்தேன். பழைய தகட்டின் வளைவிலிருந்தே அச்சு எடுத்து, மெழுகு தேய்த்து, ரெசினில் நனைத்த கண்ணாடி நார்ப் பாயை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். பிறகு பின் சீட்டுக்கு மேலிருந்த தகட்டை வெட்டி எடுத்தோம். வெட்டிய வாய்க்குச் சுற்றிலும் இரும்புச் சட்டம் வைக்கலாமா என்று பட்டறை முதலாளி கேட்டார். வேண்டாம், எடை கூடும், ரப்பர் பட்டையும் நான்கு கிளாம்ப்பும் போதும் என்றேன். “யோசிச்சுக்கம்மா” என்றார். யோசிக்கவில்லை. அந்த எடை எனக்குப் பெருமையாக இருந்தது. என்னாலேயே இரண்டு கையில் தூக்கித் தலைக்குமேல் பிடிக்க முடிந்தது. சட்டையெல்லாம் நார்த்தூள். வீட்டில் துணி துவைத்த அம்மா கையைச் சொறிந்துகொண்டு, “என்னாடி இது, போரடிச்ச சுணை மாதிரி அரிக்குது. இதுக்கா ஒன்ன படிக்க வச்சோம்?” என்று சிரித்தாள்.

பட்டறையின் சிமெண்டுத் தரையில் வைத்து மாட்டிப் பார்த்தபோது நான்கு கிளாம்ப்பும் டப் டப்பென்று விழுந்தன. குழாயைத் திறந்து தண்ணீர் பீய்ச்சினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. டிரைவரைப் பார்த்தேன்.

“குழா தண்ணி வேற, மழை வேற தங்கச்சி” என்றார்.

எங்கள் தெருவுக்கு அவர் வந்தது ஒரு மத்தியானம். மேற்கே கறுத்திருந்தது, காற்று நின்றிருந்தது. பின்னால் வந்த ஜீப்பில் கூரையைப் படுக்கவைத்து, அதோடு நானும் வந்தேன். முதல் சில நாட்களுக்கு மாட்டிக் கழற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கார் தெருவுக்குள் ஏறி நடுவில் நின்றது. திறந்த வாய் வழியாக ஐயா எழுந்து நின்று கும்பிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். ஆரத்தித் தட்டைத் தூக்கிப் பிடித்தார்கள், எட்டவில்லை. அவர் குனிந்து பொட்டை மட்டும் வைத்துக்கொண்டார். அப்பா புதுத் துண்டை இடுப்பில் கட்டி, பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்திருந்தார். வீட்டுக்குள் கட்டிலின்மேல் புதுப் போர்வை விரித்திருந்தது.

“ஐயா, ரெண்டு நிமிசம் எறங்கி வீட்டுல ஒக்காந்துட்டுப் போவணும்.”

“இப்புடியே நிக்கிறேனேப்பா. எல்லாருக்கும் தெரியணும்ல?”

“ஒரு காயிதங்க…”

“தேர்தல் முடியட்டும். எங்க போயிடப் போறோம்? நான் இருக்கேன், நீ இருக்க.”

அப்பா உறையை உயரத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். ஜீப்பில் கூரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். முன்பெல்லாம் ஓட்டுக் கேட்டு வருகிற யாராக இருந்தாலும் எங்கள் தெருவில் இறங்கி நான்கு வீடாவது நடந்தாக வேண்டும். விருப்பம் இல்லாவிட்டாலும் மண்ணை மிதித்தாக வேண்டும். இவர் மிதிக்க வேண்டாதபடி ஒரு வழியை நான் வெட்டிக் கொடுத்திருந்தேன். அதற்கு ரப்பர் பட்டை வேறு ஒட்டியிருந்தேன்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, பெரிய பெரிய சொட்டு.

“கூரைய கொண்டா!” என்று டிரைவர் கத்தினார். நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐயா உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் மாட்டினோம். முன் இரண்டு கிளாம்ப் விழுந்தன. பின்னால் இடப்பக்கம் விழுந்தது. வலப்பக்க மூலை நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினேன். அந்தப் பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் கிளம்பியது. முழங்கையால் அடித்தேன். இடைவெளி வழியாகத் தண்ணீர் ஐயாவின் தோளில் நேராக ஊற்றியது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சொன்னேன்ல” என்றார் டிரைவர். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கதவைத் திறந்து ஐயா இறங்கி, பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார். அவர் எங்கள் வீட்டில் வந்து உட்கார வேண்டும் என்று அப்பா நினைத்தது அப்படித்தான் நடந்தது. கட்டிலில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டார். அம்மா கொடுத்த மோரை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். கீழே பார்த்தவர், “என்ன கட்டிலுக்கு ஒரு பக்கம் செங்கல்லு?” என்றார்.

“களமுங்க” என்றாள் அம்மா. “தண்ணி ஓடணும்னு நடுவுல மேடா, சுத்தியும் சரிவா போட்டது. கட்டிலு, பானை, அடுப்பு, எல்லாத்துக்கும் செங்கல்லு வச்சுத்தான் எங்க பொழப்பு.”

“அதத்தான் நானும் சொல்றேன். இது களம். கணக்குலயும் களம். நான் ஒரு கையெழுத்துப் போட்டா வீடாயிடுமா?”

அப்பா உறையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

“இங்க யாரும் நெல்லு காயவச்சு நான் பொறந்ததுலேருந்து பாத்ததில்லீங்க” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. “நீ மொதல்ல கூரைய ஒழுங்கா மாட்டக் கத்துக்கம்மா” என்றார்.

கூரை வேறு, பட்டா வேறு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சட்டை நனைந்திருந்தது, நனைத்தது என் வேலை. மழை விட்டதும் எழுந்து போனார். மோர் அப்படியே இருந்தது. அப்பா அதை எடுத்து வாழைமரத்தடியில் ஊற்றினார்.

கார் களத்திலிருந்து இறங்கித் தார் ரோட்டில் ஏறியதும், தூக்கிக்கொண்டிருந்த மூலை தானாகக் கீழே இறங்கியது. டிரைவர் வண்டியை நிறுத்தி, நான்காவது கிளாம்ப்பை ஒரு விரலால் தள்ளினார். விழுந்தது. “இங்க நல்லாத்தானே ஒக்காருது?” என்று ஜீப்பைப் பார்த்துக் கேட்டார். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டார்.

நடந்தது என்னவென்று அங்கேயே புரிந்துவிட்டது. மேல்தகடு வெறும் மூடி அல்ல, காரின் உடம்பைப் பிடித்து நிறுத்துகிற எலும்பு. அதை வெட்டிவிட்டு, பதிலுக்குச் சட்டம் வைக்காமல் விட்டால், ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் நிற்கும்போது உடம்பு முறுக்கிக்கொள்ளும். வெட்டிய வாய் கோணலாகிவிடும். சிமெண்டுத் தரையில் மட்டும் மாட்டிப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து செங்கல் வைத்த கட்டிலில் படுத்தவள் நான். பட்டறைக்குள் போனதும் உலகத்துத் தரையெல்லாம் மட்டமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காரைத் திரும்ப வரவழைத்தேன். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். அளவு இரண்டு விரல் மாறியது. சதுரக் குழாயில் சட்டம் செய்து பற்றவைத்தோம். எடை கூடியது. எந்தச் சக்கரத்தைத் தூக்கினாலும் நான்கு கிளாம்ப்பும் விழும்வரை டிரைவரை நிற்கவைத்துக் காட்டினேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

ஐயா ஜெயித்தார். நன்றி சொல்ல வந்த ஊர்வலத்தில் கார் எங்கள் தெருமுனையில் நின்று, வாயைத் திறந்து, அவர் கும்பிட்டு, மூடிக்கொண்டு போனது. நான் செய்த சட்டம் அசையவில்லை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை.

“போயிப் பாக்கட்டுமா?” என்று அப்பா இரண்டு தடவை அம்மாவிடம் கேட்டார். போகவில்லை. ஐயாவை மீறி தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கலாம், நாங்கள் எத்தனை காலமாகக் குடியிருக்கிறோம் என்று காட்டினால் அவர் கையெழுத்து இல்லாமலே கேட்க வழி இருக்கிறது என்று நான் சொன்னபோது, “வயலு போயிடும். அப்பறம் இந்தச் செங்கல்லதான் சாப்புடணும்” என்றார். அது பொய்யில்லை. போன வருஷம் பக்கத்து ஊரில் குத்தகை நிலம் பறிபோனவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ஆனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தெருவில் அளந்தேன். பட்டறையிலிருந்து ஒளி ஊடுருவும் நீண்ட குழாய் கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தேன். எந்த வீடு எங்கே, எந்தச் சுவர் எப்போது எழுப்பியது, எந்த வீட்டில் எத்தனை அடுப்பு என்று தாளில் வரைந்தேன். கரண்டு மீட்டர் எண்களை எழுதினேன். ரேஷன் கார்டுகளை வாங்கி ஜெராக்ஸ் எடுத்தேன். என்னத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. கார்டைக் கொடுக்கும்போது ஒவ்வொருவரும் ஐயா வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அந்த ஞாயிறுகளில் வயலிலேயே இருந்தார்.

வலங்கைமான் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி, வருஷத்துக்கு ஒரு தடவை நிலக் கணக்குப் பார்த்து மனு வாங்குவார்கள், என்று தண்டோரா போட்டார்கள். அன்று பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேளாங்கண்ணிக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தோம். ஆபீஸ் மரத்தடியில் ஒருவர் மனு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுதி வந்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, “இடத்தோட தன்மைன்னு ஒண்ணு இருக்கு, அத விட்டுட்டியேம்மா. கணக்குல என்னா இருக்கு?” என்றார்.

“களம்.”

“அப்ப களம்னு எழுது.”

பேனாவை எடுத்து ‘வீடுகள்’ என்று எழுதினேன். அம்மா கட்டைவிரலை மையில் ஒற்றி, அதன் கீழே வைத்தாள். வரிசையில் நின்று கொடுத்தோம். மனு எண் போட்ட ரசீது இப்போது என் பையில், டேப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.