பெட்டி நிறைய வெள்ளெழுத்துக் கண்ணாடி

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பெட்ரோல் பங்கில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு புல்லட் நின்றது. ஓட்டி வந்தவர் ராஜபாளையத்துப் பெண், ஏறக்குறைய என் வயது. பின்பெட்டி நிறைய வெள்ளெழுத்துக் கண்ணாடிகள். வழியிலுள்ள கிராமங்களில் கொடுத்துக்கொண்டே அஸ்ஸாம் வரை போகிறாராம்.

இந்த மாதிரிப் பயணங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. "கூரியர்ல அனுப்பினா சீக்கிரம் போயிருமே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "கண்ணாடி போயிரும்க்கா. நான் போக முடியாதுல்லா? சும்மா ஊர் சுத்தப் போறேன்னா வீட்ல விடுவாகளா? சேவைன்னு சொன்னேன், மாமியாரே திருநீறு பூசி அனுப்பிட்டாக."

"அப்போ சேவை பொய்யா?"

"மொதத் தடவ கேரளாவுக்கு அப்படித்தான் கெளம்புனேன். தேவதானத்துல ஒரு அம்மா கண்ணாடிய மாட்டிட்டு, தன் உள்ளங்கையவே செத்த நேரம் பாத்துட்டு இருந்தாக. அதுக்குப் பொறவு பொய் சொல்ல வேண்டியதில்லாமப் போச்சு."

புல்லட் கிருஷ்ணன்கோவில் பக்கம் போய் மறைந்தது. மலையில் மேகம் பாதிவரை இறங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்குத் திரும்பும் வளைவைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன்.

எங்கே போனாய் என்று வீட்டில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது ஏதாவது கொண்டுவந்து தர வேண்டுமா? ஊர் கொஞ்சம் தொலைவில் இருந்தால் நல்லது.