பூச்சியத்துக்கு எத்தனை விளக்கு?

வெறும் தெருவிலும் ஹாரன் அடிக்கிறார்கள், நம்புவீர்களோ! முன்னால் ஒரு பூனைகூட இல்லை. ஆனாலும் அடையாற்றில் என் அலுவலக வாசலைத் தாண்டும் ஒவ்வொரு ஆட்டோவும் ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், யாரோ என்னைத்தான் திட்டுகிறார்கள் என்று ஒதுங்கி நிற்பேன். இப்போது அந்தச் சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்து சி மொழியில் புரோகிராம் எழுதுகிறேன்.

கூட வேலை செய்யும் தேவியின் அப்பா முனுசாமி, இரும்புப் பட்டறையில் காலமெல்லாம் நின்று காது போனவர். தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் கத்தித்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை தேவியைப் பெண் பார்க்க வரவிருந்தார்கள். "போன தபா வந்தவங்க, மனுசன் சண்டைக்காரரு போலன்னு எழுந்து போய்ட்டாங்கடி," என்றாள். இந்த மாப்பிள்ளையை அவளுக்கு நிரம்பப் பிடித்திருந்தது. சரி, முனுசாமியின் குரலை அவர் கண்ணுக்கே காட்டிவிடுவோம் என்று இருவரும் இறங்கினோம். உள்ளங்கை அளவு பெட்டி, ஒரு மைக், வரிசையாக எட்டு விளக்கு. மூன்று எரிந்தால் பதமான பேச்சு. அதற்கு மேலே போனால் கத்தல்.

இதில்தான் எனக்குக் கொண்டாட்டம்! சத்தத்தின் வலிமை ஃபுளோட் என்ற தசம எண்ணாக வரும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை இரண்டின் அடுக்கால் பெருக்கியதாகக் கணினி அதை வைத்திருக்கும். எனக்கு அந்த அடுக்கு மட்டும் போதும். சத்தம் இரட்டிப்பானால் அடுக்கு ஒன்று கூடும், விளக்கும் ஒன்று கூடும். முப்பத்திரண்டு பிட்டையும் அப்படியே நகலெடுத்து, இருபத்துமூன்று இடம் வலப்பக்கம் தள்ளி, குறியைச் சொல்லும் பிட்டை நீக்கி, மிஞ்சிய எட்டு பிட்டிலிருந்து நூற்றிருபத்தேழைக் கழித்தால் அடுக்கு கையில்! என் குரலோடு விளக்குகள் ஏறி இறங்கியபோது கதிரையை விட்டெழும்பிக் குதித்தேன்.

சனிக்கிழமை கொட்டிவாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். முனுசாமிக்கு எதையும் போனில் எழுத்தாகத் தட்டித்தான் காட்ட வேண்டும். "மெதுவாகக் கதையுங்கோ அங்கிள்" என்று தட்டினேன். "இன்னா கதை சொல்றது?" என்று முழங்கினார், எட்டு விளக்கும் எரிந்தன. தேவி சிரித்துக்கொண்டே விரலால் மூன்றைக் காட்டினாள். குரலை இறக்கினார். ஆறு, ஐந்து, மூன்று. "அட, இவ்ளோதானா பேச்சு!" என்றார், முகமெல்லாம் பூரிப்பு. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, பக்கத்து வீட்டு டிவி அடங்கியது. நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பேட்டரியில் ஓடிய பெட்டியிலோ எட்டு விளக்கும் பளீரென்று எரிந்தன. அவர் பதறி வாயைப் பொத்திக்கொண்டார். "நா வாயே தொறக்கலியே! இன்னாத்துக்கு எரியுது? வேணாம் கண்ணு, நாளைக்கு நா உள்ளயே குந்திகினு இருக்கேன். அவ வாழ்க்கை நல்லாருந்தா போதும்." தேவி அழுதுவிட்டாள்.

எனக்கோ மண்டைக்குள் மின்னல் வெட்டியது. அமைதி! இரைச்சலை வடிகட்ட நாங்கள் சேர்த்திருந்த ஃபில்டர் மெல்லிய சத்தத்தைச் சுத்தப் பூச்சியமாக்கிவிடும். பூச்சியத்தின் பிட்டெல்லாம் பூச்சியம். நூற்றிருபத்தேழைக் கழித்தால் மைனஸ். மைனஸுக்கே இடமில்லாத எட்டு பிட்டு இடத்தில் அதைப் போட்டிருந்தோம். அது இருநூற்றைம்பத்தாறோடு கூடி நூற்றிருபத்தொன்பதாகப் புரண்டு எல்லா விளக்கையும் ஏற்றிவிட்டது. அடையாற்றில் இது எப்படித் தெரியவரும்? சோதித்துப் பார்க்க அங்கே ஒரு நொடி அமைதி கிடைத்தால்தானே! எங்கள் ஊரில், ஷெல் சத்தம் நின்ற பிறகுதான் அம்மா பதுங்குகுழிக்குள் எங்களை இன்னும் இறுக்கிப் பிடிப்பா. சத்தமில்லாததையும் காது கொடுத்துக் கேட்ட பிள்ளைகள் நாங்கள். அந்தக் காதை இந்த ஊர் எப்போது வாங்கிக்கொண்டது? சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மடிக்கணினியைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்: எண் பூச்சியமென்றால் விளக்கே வேண்டாம். எல்லாம் அணைந்தன. "இப்ப பாருங்கோ!" என்று கத்தியது நான்தான்.

மறுநாள் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு, மூன்று விளக்கைத் தாண்டாமல் பேசினார் மனிதர். "சம்பந்தி எவ்ளோ தன்மையா பேசுறாரு!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சம்பந்தி என்றே சொல்லிவிட்டார்! தேவி என் கையை நசுக்கிய நசுக்கலில் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பிறகு அந்த அம்மா என்னைக் கைகாட்டி, "இந்தப் பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டார். காட்டிய கையைப் பார்த்தே முனுசாமிக்குக் கேள்வி புரிந்துவிட்டது.

"எங்க வூட்டுப் பொண்ணு," என்றார் அவர்.

"யாழ்ப்பாணம்," என்றேன் அதே நொடியில் நான்.

நான்காவது விளக்கும் எரிந்தது.