சாவிடம் சவால் விட்ட பதினான்கு வரி

ஆங்கில சானெட்டுக்குப் பொருள் சொல்லிப் பிழைக்கும் என் இனத்தவர்களுக்குத் தெரியும்: படிப்பவர்களுக்கு அது பதினான்கே வரி, நடத்துகிற நமக்குத்தான் முடியவே முடியாது. செம்பூரில் ஞாயிறு காலைகளில், அஞ்சல்வழி பி.ஏ. படிக்கும் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன்.

பேரு எங்கே?

நூர் பாய்க்குத் தாராவியில் தோல்பைப் பட்டறை. அன்று எடுத்தது காதல் சானெட். அழகு வாடிவிடும், ஆனால் என் கவிதையில் நீ சாகவே மாட்டாய் என்று கவிஞர் சத்தியம் செய்கிறார். நான் உருகி உருகி நடத்தினேன். பாய் விரலை வைத்து முதலிலிருந்து மறுபடி படித்தார். முகம் வாடிவிட்டது. நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

“சாக விடமாட்டேங்காரு, சரி. அந்தப் பிள்ள பேரை ஒரு வரியிலயும் காணமே டீச்சர்?”

துணிச்சலா, பயமா?

ஸ்டெல்லா நர்ஸ். சீத்தா கேம்ப்பில் வீடு. ஐசியூ டூட்டி முடிந்து நேராக வகுப்புக்கு வருவாள். சாவை எதிரே நிறுத்தி, உன்னால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று கவிஞர் சவால் விடும் சானெட்டை நடத்திக்கொண்டிருந்தேன். “என்ன துணிச்சல், பாருங்கள்!” என்றேன்.

“துணிச்சல் இல்ல டீச்சர், பயம்” என்றாள். “ரொம்பப் பயந்த பேஷன்ட்தான் இப்படிச் சத்தம் போடுவாங்க.”

கவிதையை மறுபடி வாசித்தேன். வரிக்கு வரி ஒரு மனிதனுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. அப்படிப்பட்டவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“கையப் பிடிச்சுக்குவோம், அடங்கிருவாங்க. கடைசி ரெண்டு வரியில இவரும் அடங்குதாரு, பாருங்க.”

இன்னொருக்கா

பிறகு ஸ்டெல்லா வரவில்லை. அவள் அப்பா டிராம்பே பக்கம் ஒரு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நுரையீரல் கெட்டுப் படுக்கையில் கிடந்தார். நானும் நூர் பாயும் கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறிப் பார்க்கப் போனோம். வாசலிலேயே அவர் சத்தம் கேட்டது, எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சானெட்டை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். நானும் முதல்முறை கேட்பவளைப்போல நின்றுவிட்டேன். அவர் சத்தம் மெல்ல அடங்கியது.

“இத எழுதுனவன் கடைசில செத்தானா?” என்று கேட்டார்.

“செத்துட்டாருப்பா. ரொம்பக் காலமாச்சு.”

பெரியவர் சிரித்தார். “பரவால்ல, நல்லாத்தான் சண்ட போட்டிருக்கான். இன்னொருக்கா சொல்லு மக்ளே.”

அவரை அடக்கம் செய்த மறுமாதம் ஸ்டெல்லா பரீட்சை எழுதினாள், அதே சானெட் வந்திருந்தது, அதன் கருத்தை விளக்குவதற்கு ஐந்து மார்க்.