எவேலியோ குடித்த முதல் கோப்பை

எங்கள் ஹவானா ஆய்வுக்கூடத்தில் டாக்டர் எவேலியோ பெர்டோமோவுக்கு இருந்த ஒரே திறமை படம் எடுப்பது. கண்ணாடித் தட்டில் வளரும் குடல் செல்களை நுண்ணோக்கி வழியே எடுப்பார். நெருக்கிப் பின்னிய பாய் மாதிரி ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். மற்ற வேலைக்கெல்லாம் அவர் ஒப்புக்குச் சப்பாணி.

காலராக் கிருமியின் நஞ்சைப் பிடுங்கிவிட்டு, உயிரோடு குடிக்கக் கொடுப்பதுதான் எங்கள் தடுப்பு மருந்து. நஞ்சு போனாலும் கிருமி ஒரு நொதியைக் கக்கும். செல்களின் பிடிப்பை அது அறுத்தால் குடல் ஒழுகும். புதிய மருந்தில் அந்த நொதி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியவர் எவேலியோ. அவர் சொல்லை நம்பித்தான் சோதனைக்கு முன்வந்த மாணவர்கள் குடிக்கப்போகிறார்கள்.

செல்களைக் கன்றுக்குட்டியின் இரத்தச் சீரத்தில் வளர்ப்போம். சோதனைக்கு முன் கழுவியாக வேண்டும். இல்லாவிட்டால் நொதி சீரத்தைக் கடித்துக்கொண்டு செல்லை விட்டுவிடும், நொதி இருப்பதே தெரியாது. ஆனால் கழுவினால் நாலு செல் உதிரும், படம் கெடும். மகாராசன் எவேலியோ கழுவவே இல்லை. படத்தில் செல்கள் சிரித்தன, இயக்குநர் அந்த அழகில் மயங்கினார்.

மருந்தில் கேடில்லை என்று கையெழுத்துப் போட்டவரே முதல் கோப்பையைக் குடிப்பது எங்கள் வழக்கம். மருந்தைச் சோடா உப்புத் தண்ணீரில் கலந்து, ரம் குடிப்பவர் போல எவேலியோ மடக்கென்று குடித்தார். மறுநாள் மாணவர்கள் வந்து உட்கார்ந்திருக்க, அவர் கழிப்பறைக்கும் அறைக்குமாக அலைந்தார். சாப்பாட்டுக்கூடத்துக் கறுப்பு பீன்ஸ் ஊசிப்போனது என்று இயக்குநரிடம் புகார் வேறு. மாணவர்களுக்கு மருந்தை ஊற்றச் சொல்லியும் விட்டார் எவேலியோ.

ஏச்சு வாங்கிய சமையல்காரி நெரெய்தா கரண்டியோடு மாடியேறி வந்தாள்.

"அதே பானையிலதான் நானும் தின்னேன் டாக்டர், இந்தக் கட்டடமே தின்னுச்சு. உங்க வயித்துக்கு மட்டும் என் பீன்ஸ் மேல என்ன பகை?"

எவேலியோ மறுபடி கழிப்பறைக்கு ஓடினார். அவள் கேட்டதைக் கேட்ட இயக்குநர், மாணவர்கள் குடிக்கும் முன்பே கோப்பைகளை நிறுத்தச் சொன்னார். நான் ஒரு தட்டைக் கழுவி, அந்த மருந்துக் கிருமி வளர்ந்த நீரை ஊற்றினேன். மாலைக்குள் பாய் பிரிந்து கோரை கோரையாகக் கிடந்தது. மாணவர்களை வீட்டுக்கு அனுப்பி, மருந்தை பிளீச்சில் கொட்டினோம்.

எவேலியோ நெரெய்தாவிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, அந்தப் பிள்ளைகளிடமும் கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் துப்பக் கூடாது.

"படம் எடுத்தியா மைதே?" என்று என்னைக் கேட்டார். "இதுவும் அழகாத்தான் இருக்கு."