எலிசபெத் டீச்சரின் ஆதாரப் பட்டியல்

பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற எலிசபெத்துக்கு வம்சாவளி என்றால் ஒரு கிறுக்கு. அதற்கென்றே ஒரு மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, சொந்தக்காரர்களைக் கிளை கிளையாக ஏற்றிவந்தார். வாய்வார்த்தையை மட்டும் நம்பி யாரையும் சேர்க்க மாட்டார். ஞானஸ்நானச் சான்றோ, கல்யாணப் பத்திரிகையோ, கல்லறைப் படமோ, ஏதாவது ஓர் ஆதாரம் கூடவே ஏறவேண்டும்.

திருச்சபையின் ஆண்டு விழாவுக்குப் பழைய குடும்பங்களின் வம்சாவளியைப் பெரிதாக அச்சடித்து வைப்பதென்று முடிவானது. பொறுப்பு டீச்சருக்கு. சேரன்மகாதேவி கிங்ஸ்டனும் தன் குடும்பக் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர்; அவருக்கும் இதே கிறுக்குதான். அந்தக் கோப்பை டீச்சர் தன்னுடையதோடு சேர்த்த அன்றே வந்தது வினை. ஆதாரப் பட்டியலைத் திறந்தால் திரை உறைந்துவிடும். அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டு வந்து பார்த்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

விழாவுக்கு முந்தின நாள் காலையிலேயே கிங்ஸ்டன் ஓடிவந்தார்.

"எல்லாம் என் ஃபைல் பண்ணுத வேலைதான் டீச்சர். அதத் தூக்கிருவோமா?"

"தூக்குததுக்கா இவ்வளவு பாடுபட்டீங்க? இருங்க சார், எங்கன சிக்குதுன்னு பாப்போம்."

முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவைத்தார் டீச்சர். பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்கச் சங்கதி பிடிபட்டது. ஒரே கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளைக்கு ஒருமுறை, பெண்ணுக்கு ஒருமுறை, பெற்றவர்களுக்கு ஒருமுறை என்று புதிது புதிதாக ஏற்றியிருந்தார்கள் இருவரும். படங்களும் சுருக்காத முழுப் படங்கள். பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் மென்பொருள் அத்தனையையும் இழுத்துக்கொண்டு வந்தது.

படங்களைச் சுருக்கினார்கள். இரட்டித்த ஆதாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றாக்கினார்கள். மத்தியானத்துக்குள் பட்டியல் தொட்டதும் திறந்தது. "திறந்துட்டு டீச்சர்!" என்று கிங்ஸ்டன் கை தட்டினார்.

மிச்சமிருந்த கல்லறைப் படங்களுக்கு வந்தபோது டீச்சரின் விரல் நின்றது. திரையில் இரண்டு படங்கள். ஒன்று அவர் எடுத்தது. 'அன்னபாக்கியம்' என்று முழுப் பெயரும் தெரிந்தது. மற்றது கிங்ஸ்டன் எடுத்தது. பாசி மூடி 'பாக்கியம்' மட்டும் தெரிந்தது. இரண்டிலும் கல்லின் அதே உடைந்த மூலை, இறந்த நாளும் அதே தேதி.

"சார், இது எங்க தாத்தாவோட அம்மா."

"எங்க அம்மாவப் பெத்த ஆச்சியோட அம்மால்லா டீச்சர்!"

தாத்தாவுக்கு ஒரு தங்கை உண்டென்றும், சேரன்மகாதேவிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்களென்றும் டீச்சரின் அப்பா சொல்லியிருந்தார். பெயர் தெரியாததால் அந்தக் கிளையை டீச்சர் வெறுமனே விட்டிருந்தார்.

"அப்ப உங்க அம்மா எங்கப்பாவுக்கு அத்தை மவ. நீங்க எனக்குத் தம்பி முறைலா!"

கிங்ஸ்டன் உடனே அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

"யாரு, எங்க மாமா பேத்தியா? போன்ல என்னலே பேச்சு, இங்கன கூட்டிட்டு வா!"

"ஏலே தம்பி, கிளம்பு" என்றார் எலிசபெத், செருப்பைத் தேடிக்கொண்டே. "அச்சடிக்கக் குடுத்துட்டு அப்படியே பஸ் ஏறிருவோம்."