மூடியில் வைத்த சந்தனம்

நீலசந்திராவில் எங்கள் வரிசையில் முதலில் விளக்கு ஏற்றுகிற வீடு மரகதத்தின் வீடு. சாமி கும்பிட்டுவிட்டு, ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பெருக்கித் துடைக்கப் போவாள். காண்ட்ராக்ட் வேலை. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால், "மின்னலைப் பிடிச்சு டிரம்முல அடைக்கிறாங்க" என்று சிரிப்பாள்.

டிரம் எவர்சில்வரால் ஆனது. உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்பு உறிஞ்சிய பிறகு, துளி வாயுவை விட்டுக் கரண்ட் கொடுத்தால் ஊதா நிறத்தில் ஒளிரும். அதைப் பிளாஸ்மா என்கிறார்கள். அதை வைத்து உடனே விற்கிற பொருள் எதுவும் செய்ய முடியாது. அறிவு வளரும், அவ்வளவுதான். அதற்குச் சர்க்கார் பணம் கொடுத்து வந்தது. அந்த வருஷத்தோடு அது முடிவதால், மேலும் கொடுக்கலாமா என்று பார்க்க டில்லியிலிருந்து ஒரு குழு வர இருந்தது. கொடுக்காவிட்டால் டிரம்மை ஓட்டுகிற ரெமிஜியஸுக்கு வேலை போய்விடும். லிங்கராஜபுரத்துக்காரர். மரகதத்தைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

குழு வருவதற்கு முந்தின நாள் அங்கே ஆயுத பூஜை வைத்தார்கள். ரெமிஜியஸ் டிரம்மின் மூடியைக் கழற்றித் துடைத்து, உள்பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் வைத்து, அலுமினியக் காகிதம் போர்த்தியிருந்தார்.

"தங்கச்சி, பம்புக்கு வை, மீட்டருக்கு வை. எங்க அந்தோணியார் படத்துக்கும் ஒண்ணு வை, கோவிச்சுக்க மாட்டாரு."

எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாள். மூடி மட்டும் மிச்சம். காகிதத்துக்கு வைத்தால் சாமிக்குச் சேருமா? ஓரத்தைத் தூக்கி, விளிம்பில் சின்னதாக ஒன்று வைத்துவிட்டுப் பழையபடி மூடினாள். அண்ணன் வேலை நிலைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் வைத்தாள்.

மறுநாள் அவசரத்தில் ரெமிஜியஸ் காகிதத்தை உருவிவிட்டு, மூடியைப் புரட்டிப் பூட்டினார். காய்ந்த சந்தனம் கண்ணில் படவில்லை. குழுவினர் வந்து நின்றார்கள். பம்பு ஓடியது. உள்ளே மிச்சமிருக்கும் காற்றைக் காட்டுகிற மீட்டர் ஓர் இடம் வரைக்கும் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. எங்கோ காற்று கசிகிறது.

கூடத்தை நடத்துகிற பேராசிரியர் கேசவின் முகம் கறுத்தது. "ஏன்ரீ ரெமிஜியஸ், நேத்து சரியா க்ளீன் பண்ணலையா?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

"பண்ணேன் சார்."

"பண்ணா ஏன் இறங்கல?"

ரெமிஜியஸ் ஸ்பானரோடு குழாய் குழாயாகப் பார்த்தார். குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர்களுக்கு விமானம் இருந்தது.

"மூடி விளிம்புல ஒரு தூசி இருந்தாக்கூடக் காத்து உள்ள போயிடும். அது தெரியாதா சார் எனக்கு? நல்லாத்தான் துடைச்சேன்."

டீ டம்ளர்களை எடுக்க வந்த மரகதத்தின் காதில் அது விழுந்தது. வாயைத் திறந்தால் நாளைக்கே ஏஜென்சி வேறு ஆளை அனுப்பும். திறக்காவிட்டால், பழி முழுக்க அண்ணன் தலையில். அம்மனை நினைத்துக்கொண்டு தட்டைக் கீழே வைத்தாள்.

"சார், அண்ணன் மேல தப்பில்ல. நான்தான் காகிதத்தைத் தூக்கிட்டு மூடியில சந்தனம் வெச்சேன்."

குழுவில் இருந்த அனந்தலக்ஷ்மி என்கிற அம்மா தமிழில் கேட்டார்: "எங்கம்மா வெச்சீங்க?"

"விளிம்புலங்கம்மா."

மூடியைத் திறந்து துடைத்துப் பூட்டினார்கள். காற்றை மறுபடி உறிஞ்சி எடுக்கச் சாயங்காலம் ஆகும். மற்றவர்கள் விமானத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அனந்தலக்ஷ்மி மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மெஷின்ல கோளாறுன்னா போயிருப்பேன். இது சந்தனம்தானே. பாத்துட்டே போறேன்."

பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. மீட்டர் காலையில் நின்ற இடத்துக்கு வந்தது. ரெமிஜியஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதையும் தாண்டி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள் ஊதா வெளிச்சம் எழுந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். மரகதம் வாசலில் நின்றபடி பார்த்தாள். கிட்டே போகத் துணிச்சல் வரவில்லை.

கேட்டது ஐந்து வருஷத்துக்கு. வந்தது இரண்டு வருஷத்துக்கு. ரெமிஜியஸுக்கு வேலை இருக்கிறது. மரகதத்தின் வேலையும் போகவில்லை. ஆனால் இப்போது அவளுக்கு வெளி நடையைப் பெருக்கித் துடைப்பது மட்டும்தான். அந்த அறைக்குள் விடுவதில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு ரெமிஜியஸே வெளியே வந்து அவள் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனார். மூடி இருந்த மேசையின் காலுக்கு ஒன்று வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வெச்சாச்சு தங்கச்சி. நீ அங்கேருந்தே கும்பிடு."

கும்பிட்டாள்.