ஐந்தாவது வெடி

எனக்குப் பொறுமை குறைவு. கிணறு வெட்டும் ஆட்களுக்கு மேற்பார்வையாளனாக இருப்பவனுக்கு அது எவ்வளவு ஆபத்து என்பது போன மாதம்தான் விளங்கியது.

கொக்குவிலில் ஒரு தோட்டக் கிணறு. பாறை குறுக்கிட்டதால் ஐந்து துளைகளில் வெடிமருந்து வைத்துத் திரி கொளுத்தினோம். நிலம் அதிர்ந்தது. வெண்தூசி வெயிலில் பூத்தெழுந்து மரவள்ளி இலைகளில் மெல்லப் படிந்தது. அந்த அழகைப் பார்த்தேனே தவிர, வெடிகளை ஒழுங்காக எண்ணவில்லை.

"அஞ்சும் வெடிச்சிட்டுது, இறங்குங்கோ" என்றேன்.

"ஓம் ஐயா" என்றார்கள் எல்லோரும். செல்லையன் கயிற்றைப் பிடித்தான். கல் சுமக்கும் அவன் மனைவி வள்ளி ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாலுதான் ஐயா வெடிச்சது! ஐயா அஞ்செண்டால் இந்த மனுசனுக்கும் அஞ்சு. தாலி என்ரையெல்லோ!"

எனக்குக் கோபம் வந்தது. "நீ எத்தினை எண்ணினனி?" என்று செல்லையனைக் கேட்டேன்.

அவன் நிலத்தைப் பார்த்தான். "நாலுதான். ஐயா சொன்ன பிறகு நான் என்னெண்டு மாறிச் சொல்லுறது?"

எல்லோரும் விலகி நின்றோம். சற்று நேரத்தில் ஐந்தாவது வெடித்தது. செல்லையன் வள்ளியைப் பார்த்தான்.

இப்போது என் எண்ணிக்கையைக் கடைசியாகத்தான் சொல்கிறேன். முதலில் வள்ளியிடம் கேட்பேன், பிறகு மற்றவர்களிடம். நேற்று மட்டும், "கயிறு இன்னும் ஒரு மாதம் தாங்கும்" என்று வாய் முந்திவிட்டது.

"அப்ப முதல் ஐயா தொங்கிப் பாருங்கோ!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

சிரித்துக்கொண்டே மருதனார்மடச் சந்தைக்குப் புதுக் கயிறு வாங்கப் புறப்பட்டேன்.